பத்தேகால் மணிக்குத் திரும்பிய ஊடை

சின்னியம்பேட்டையில் மணி பத்தேகால் ஆனால் இன்றைக்கும் ஆம்பளைகளின் கை தானாக இடுப்புக்குப் போகும். டீ குடித்துக்கொண்டிருந்தாலும் சரி, பஸ்ஸுக்கு நின்றாலும் சரி, சவரக்கடையில் தாடையைக் கொடுத்துவிட்டு அண்ணாந்து உட்கார்ந்திருந்தாலும் சரி, ஒரு கை வேட்டி முடிச்சைத் தேடிப் போய்ப் பிடித்துக்கொள்ளும். வெளியூர்க்காரர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். உள்ளூர்க்காரர்கள் சிரிக்க மாட்டார்கள், அவர்களுக்கு அந்த வருசம் நடந்தது தெரியும், அதிலே அவரவர் பங்கு எவ்வளவு என்பதும் தெரியும்.

அறுபத்து மூன்று வீடு, வீட்டுக்கு ஒரு தறி, தறிக்கு ஒரு ஆம்பளை, அவனுக்குப் பின்னால் சமையல்கட்டை ஒட்டி ஒரு ராட்டை, ராட்டைக்கு ஒரு பொம்பளை, இதுதான் ஊர். துணியில் நீளவாட்டில் ஓடுகிற நூலைப் பாவு என்பார்கள், குறுக்குவாட்டில் ஓடுகிற நூலை ஊடை என்பார்கள், இரண்டும் சேர்ந்தால்தான் துணி. ஆனால் பாவுக்கு அங்கே நடந்த மரியாதை இருக்கிறதே, அது புது மாப்பிள்ளைக்குக்கூட நடக்காது. வெள்ளென எழுந்து தெருவை அடைத்துப் பாவு விரிப்பார்கள், எட்டு ஆம்பளைகள் இரண்டு பக்கமும் நின்று கஞ்சி தடவி நீவுவார்கள், தேங்காய் உடைப்பார்கள், கற்பூரம் காட்டுவார்கள், எதிரே வருகிற பால்காரன்கூட சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவான். ஊடைக்கு அதெல்லாம் கிடையாது. குழம்பு கொதிக்கிற நேரத்திலும் குழந்தை தூங்குகிற நேரத்திலும் பொம்பளைகள் ராட்டையைச் சுற்றி, விரல் நீளக் குழலில் நூலை ஏற்றி, தார் தாராகக் கூடையில் போட்டு வைப்பார்கள். ஆம்பளை அந்தத் தாரை எடுத்து, சின்னப் படகு மாதிரி இருக்கிற நாடாக் கட்டைக்குள் மாட்டி இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்குமாக ஓட விடுவான். ஊடை உருவிப் போனால் மிச்சம் நிற்பது வெறும் நூல்கொத்து என்று தறியில் உட்கார்ந்த ஒவ்வொருவனுக்கும் தெரியும். அதை வாய்விட்டுச் சொன்னவன் ஒருத்தனும் இல்லை.

அந்த அறுபத்து மூன்று பேரில் கெட்டிக்காரன் தீர்த்தகிரி. பங்குனி உத்திரத்துக்கு முருகன் சன்னிதியில் கட்டுகிற சிவப்புத் திரையைப் பத்து வருசமாக அவன்தான் நெய்துகொண்டிருந்தான். அலங்காரம் முடிந்து திரைக்குப் பின்னால் அத்தனை விளக்கையும் ஏற்றுவார்கள், திரை தணல் மாதிரி ஒளிரும், ஊரே கையைத் தலைக்குமேல் தூக்கும், அப்புறம்தான் திரையை விலக்குவார்கள். விலக்கிய கையோடு நெய்தவனைக் கூப்பிட்டுத் தலையில் பரிவட்டம் கட்டுவார்கள். பத்துத் தடவை கட்டிய தலை அது, கொஞ்சம் நிமிர்ந்துதான் இருக்கும், அதில் தப்பு சொல்ல முடியாது. அவனுக்குத் தார் சுற்றியவள் அவன் பெண்டாட்டி நாச்சாயி. அதிகம் பேச மாட்டாள், ஆனால் ராட்டையில் உட்கார்ந்தால் அவள் கண்ணுக்குத் தப்பி ஒரு முழம் நூல் போகாது.

பதினோராவது வருசம் திரைக்கு வந்த நூலைச் சாயக்காரர் இரண்டு தடவை சாயம் காய்ச்சி, இரண்டு கொதியாகப் போட்டுக் கொடுத்திருந்தார். முதல் கொதிக்கும் இரண்டாம் கொதிக்கும் ஒரு மயிரிழை வித்தியாசம் வரத்தான் செய்யும், கையில் வைத்துப் பார்த்தால் தெரியாது, நெய்து வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. முதல் கொதி நூலை இடதுகைக் கூடையிலும் இரண்டாம் கொதி நூலை வலதுகைக் கூடையிலும் சுற்றிப் போட்டுவிட வேண்டும், தறிக்காரன் இரண்டு நாடா வைத்துக்கொண்டு ஒன்றில் அந்தக் கூடைத் தாரும் ஒன்றில் இந்தக் கூடைத் தாருமாக மாட்டி, இதில் இரண்டு இழை அதில் இரண்டு இழை என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். அப்படிப் போட்டால் இரண்டு சிவப்பும் கலந்து ஒரே சிவப்பாகிவிடும், அந்த முருகனே இறங்கி வந்தாலும் பிரித்துச் சொல்ல முடியாது. நாச்சாயி முறைப்படி இரண்டு கூடையையும் நிரப்பி அவன் கைக்கு எட்டுகிற தூரத்தில் வைத்தாள்.

திரை பாதி ஏறியிருந்த சமயம் கோயில் கமிட்டிக்காரர்கள், சென்னையிலிருந்து போட்டோ பிடிக்க வந்த ஒருத்தரையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். பத்து வருசமாக ஒரே கை, ஒரே நேர்த்தி என்று அவர்கள் சொல்லச் சொல்லத் தீர்த்தகிரிக்கு உச்சி குளிர்ந்துபோனது. அவனும் தன் அப்பன் காலத்திலிருந்து ஆரம்பித்து அளந்து விட்டான். வாய் ஒரு பக்கம் ஓட, கை ஒரு பக்கம் ஓட, இரண்டு நாடாவுக்கும் இடதுகைக் கூடையிலிருந்தே தாரை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தான். ராட்டையிலிருந்து நாச்சாயி, "ஏனுங்க, வலதுகைக் கூடை எடுக்காம அப்படியே நிக்குதுங்களே" என்று மெல்லச் சொன்னாள். வந்தவர்கள் எதிரில் பெண்டாட்டி ஒரு குறை சொன்னால் பரிவட்டம் கட்டிய தலை தாங்குமா? உன்ற வேலையைப் பாரு என்று ஒரு வெட்டு வெட்டினான். அவள் தன் வேலையைப் பார்த்தாள்.

அவர்கள் போன பிறகுதான் குனிந்து பார்த்தான். ஒரு முழ அகலத்துக்கு முதல் கொதி நூல் மட்டுமே விழுந்து கிடந்தது. ஒவ்வொரு இழையாகப் பிரித்து மறுபடி நெய்தால் இரண்டு நாள் பிடிக்கும், உத்திரத்துக்கு மூன்று நாள்தான் இருந்தது, மனசு வைத்திருந்தால் பிரித்து நெய்திருக்கலாம். ஆனால் பிரிக்க உட்கார்ந்தால் அவள் சொன்னது சரி என்றல்லவா ஆகிவிடும். விளக்கு வெளிச்சத்தில் யார் கண்டார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மேலே நெய்துகொண்டு போய்விட்டான்.

உத்திரத்தன்று திரைக்குப் பின்னால் விளக்கெல்லாம் எரிந்தபோது திரையின் நட்டநடுவில், இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை ஒரு முழத்துக்கு, பழைய வத்தல் நிறத்தில் ஒரு பட்டை தெரிந்தது. தூக்கிய கைகள் தூக்கியபடி நின்றன. நாயனக்காரர் வாசிப்பதை நிறுத்தினார். நெசவாளர் சங்கத் தலைவர் வையாபுரி, பெரிய மனுசர், ஏழு கிராமத்துப் பஞ்சாயத்துக்குப் போகிறவர், திரும்பித் தீர்த்தகிரியைப் பார்த்து என்னப்பா இது என்று கேட்டார்.

தீர்த்தகிரி பொய் சொல்வதென்று முன்கூட்டி முடிவு கட்டியிருக்கவில்லை. வாயைத் திறந்தபோது அதுதான் வந்தது. "நான் என்னங்க பண்றது? தார் சுத்தினவ கூடையை மாத்தி வெச்சுட்டா."

அத்தனை தலையும் பொம்பளைகள் பக்கம் திரும்பியது. முன்வரிசையில் கையில் பூத்தட்டோடு நின்றிருந்த நாச்சாயி தட்டைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்தாள். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "ஆமாங்க, நாந்தான் மாத்தி வெச்சுட்டேன்" என்றாள்.

இனிமேல் சாமிக்கு ஆகிற நூலை நாச்சாயி கையால் தொடக் கூடாது என்று அங்கேயே தீர்ப்பாகிவிட்டது. பொம்பளை பண்ணிய தப்புக்கு அவன் என்ன செய்வான் பாவம் என்று தீர்த்தகிரிக்குப் பதினோராவது பரிவட்டமும் கட்டினார்கள். வீட்டுக்கு அவன் முன்னால் நடந்தான், அவள் பத்தடி பின்னால் நடந்தாள். போய்ச் சமைத்துச் சோறு போட்டாள். கல்யாணமாகி இருபத்தாறு வருசத்தில் ஒருநாளும் சொல்லாதவன் அன்றைக்கு ரசம் நல்லா இருக்குது என்றான். சொல்லிவிட்டு, ஏன்டா சொன்னோம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டான்.

மூன்றாம் நாள் காலை பத்தேகால் மணிக்கு, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த தீர்த்தகிரியின் வேட்டிக் கரையிலிருந்து ஓர் இழை வெளியே தலை நீட்டியது. நீட்டிய இழை நழுவிக் கீழே இறங்கியது, அதன் பின்னால் அடுத்த இழை, அதன் பின்னால் அடுத்தது. அறுபடவில்லை, சிக்கல் விழவில்லை. வேட்டியின் ஊடை முழுவதும் ஒரே நூலாக உருவிக்கொண்டு தரையில் இறங்கி, சாக்கடையைத் தாண்டி, நின்றிருந்த டவுன் பஸ்ஸுக்கு அடியில் புகுந்து, நடுத்தெருவில் திரும்பி, அவன் வீட்டு வாசற்படி ஏறி உள்ளே போனது. அந்த நேரம் நாச்சாயி பாத்திரம் கழுவி வைத்துவிட்டு ராட்டைக்கு வந்து உட்கார்கிற நேரம். நூல் வந்து வெறுங்குழலைச் சுற்றிக்கொண்டது, ராட்டை தானே சுழன்றது. தார் நிறைந்ததும் அவள் கழற்றிக் கூடையில் போட்டுவிட்டு அடுத்த வெறுங்குழலை மாட்டினாள், வேறென்ன செய்வாள். டீக்கடையில் தீர்த்தகிரி இடுப்பைச் சுற்றிப் பாவு மட்டும் வாழைநார் மாதிரி தொங்க, கையும் ஓடாமல் காலும் ஓடாமல் உட்கார்ந்திருந்தான். கடைக்காரர் டீத்தூள் சாக்கு ஒன்றைக் கொடுத்துக் கட்டிக்கொள்ளச் சொன்னார், டீக்குக் காசு வேண்டாம் என்றும் சொன்னார்.

அன்றைக்கு அவன் நெய்த துணி ஊரில் எங்கெங்கே இருந்ததோ அங்கிருந்தெல்லாம் ஊடை புறப்பட்டு வந்தது. போர்வையிலிருந்து வந்தது, துண்டிலிருந்து வந்தது, தொட்டிலிலிருந்துகூட வந்தது, நல்லவேளை குழந்தை அப்போது அம்மா இடுப்பில் இருந்தது. கடைசியாகக் கோயில் திரையிலிருந்து சிவப்பு நூல் வந்தது. அது வந்தபோது தீர்த்தகிரியும் வீட்டில் இருந்தான். முதல் கொதி நூல் சுற்றிய தார்கள் உருண்டு இடதுகைக் கூடைக்குப் போயின, இரண்டாம் கொதி நூல் சுற்றியவை வலதுகைக் கூடைக்குப் போயின, ஒன்றுகூட மாறிப் போகவில்லை. அந்த ஒரு முழத்துக்கு எடுக்காமல் விட்ட தார்கள் வலதுகைக் கூடையின் அடியில் இன்னும் அப்படியே கிடந்தன, எல்லாம் இரண்டாம் கொதி. கூடையைப் பார்த்தால் போதும், யார் தப்பு என்று தறிவீட்டுக் குழந்தைகூடச் சொல்லிவிடும். தீர்த்தகிரி இரண்டு கூடையையும் தூக்கிப் பரணில் வைத்து மேலே ஒரு சாக்கைப் போட்டு மூடினான். நாச்சாயி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். சாக்கு ஒரு பக்கம் விலகியிருந்ததை அவள் இழுத்துச் சரி செய்யவுமில்லை, ஏன் என்று கேட்கவுமில்லை.

ஒரு வாரம் ஊர் இதைச் சொல்லிச் சிரித்தது. எட்டாம் நாள் மற்றவர்கள் துணியிலிருந்தும் ஊடை கிளம்பியது, அன்றோடு சிரிப்பு நின்றது. எந்த நூலை எந்தப் பொம்பளை சுற்றினாளோ அந்தப் பொம்பளையின் ராட்டைக்கு அது போய்ச் சேர்ந்தது. வையாபுரி சங்கத்தில் பேசிக்கொண்டிருந்தபோது அவர் சால்வை மேடையை விட்டு இறங்கிப் போனது.

ஊர் என்றால் எதற்கும் பழகிவிடும். ஒரு மாதத்துக்குள் பத்தேகால் மணி என்பது மழை வெயில் மாதிரி ஆகிவிட்டது. ஆம்பளைகள் உள்ளே மில் துணியில் ஒரு லுங்கியைக் கட்டிக்கொண்டு மேலே வேட்டி கட்டினார்கள். முகூர்த்தமெல்லாம் ஒன்பது மணிக்குள் வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் பத்து மணியிலிருந்து பத்தரை வரைக்கும் யாரும் வெளியே வரக் கூடாது என்று எழுதி ஒட்டினார்கள். டவுன் பஸ் கண்டக்டர் ஆற்றுப்பாலத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி, "உள்ளூர் வேட்டிக்காரங்க எல்லாம் பாத்துக்கங்கப்பா" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு, பத்து நிமிசம் கழித்துத்தான் விசில் ஊதினார். அந்தப் பத்து நிமிசமும் தெருக்களில் வெள்ளையும் நீலமும் பச்சையுமாக நூல் ஓடிக்கொண்டிருக்கும், நடக்கிறவர்கள் காலைத் தூக்கித் தாண்டித் தாண்டி நடப்பார்கள், நாய்கள்கூட மிதிக்காமல் போகக் கற்றுக்கொண்டன.

வெளியூருக்குப் போன துணியின் ஊடை தாமதமாக வந்தது. ஈரோட்டுச் சந்தையில் விற்றது அன்றைக்கே வந்துவிடும். பெங்களூர் லாட்ஜுகளுக்குப் போன படுக்கை விரிப்பின் நூல் இரண்டு நாள் கழித்துப் புழுதியும் புல்லுமாக வந்து சேரும், பம்பாய்க்குப் போனது வாரக் கணக்கில் ரயில் தண்டவாளத்து ஓரமாகவே வந்து, அழுக்கேறி, களைத்துப்போய் வாசலில் கொஞ்சம் கிடந்துவிட்டுத்தான் உள்ளே போகும். பெங்களூர் லாட்ஜ் முதலாளி ஒருத்தர் தன் விரிப்பு நூலின் பின்னாலேயே காரில் வந்து இறங்கினார், சண்டை போடத்தான் வந்தார். நூல் ராட்டையில் ஏறுகிற அழகைப் பார்த்துவிட்டுப் பேசாமல் ஒரு வாய் சாப்பிட்டு, பழைய குழலுக்குப் புதுக்குழல் வாங்கித் தரட்டுமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஆம்பளைகள் பாடுதான் திண்டாட்டம். திரும்பி வந்த ஊடை நல்ல ஊடை, மறுபடி நெய்தார்கள், மறுபடி பத்தேகாலுக்கு உருவிப் போனது, மறுபடி நெய்தார்கள். பொம்பளைகளுக்கோ தார் சுற்றுகிற வேலையே இல்லை, எல்லாம் சுற்றியே வந்தது. புத்தி தெரிந்த நாளாக மதியத்தில் படுத்தறியாதவர்கள் மதியத்தில் படுத்துத் தூங்கினார்கள், நாலைந்து பேர் சேர்ந்து ஆற்றுக்குப் போய்ச் சாவகாசமாகக் குளித்தார்கள், ஒருத்தி சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டு மூன்று தெருவையும் சுற்றி வந்தாள். இது எப்போது நிற்கும் என்று ஆம்பளைகள் கேட்டால், எங்களைக் கேட்டா நாங்க என்னத்தைக் கண்டோம் என்று சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொள்வார்கள்.

தீர்த்தகிரி ஒருத்தனுக்கு மட்டும் இது பழகவே இல்லை. நாளுக்கு நாள் வீட்டில் தார் பெருகியது. கூடை நிறைந்து, அண்டா நிறைந்து, கட்டிலுக்கு அடியில் நிறைந்து, அரிசிப் பானையைத் திறந்தாலும் நாலு தார் கிடந்தது. எதைப் பார்த்தாலும் அவள் கை பட்ட நூலாக இருந்தது. இருபத்தாறு வருசத்தில் இவ்வளவா சுற்றியிருக்கிறாள் என்று நினைக்கும்போதே கண் தானாகப் பரணுக்குப் போகும், போனதும் காதெல்லாம் சுடும். சோறு போடும்போது அவள் கையைப் பார்க்கக் கூசும். நூல் ஓடி ஓடி அவள் ஆள்காட்டி விரலில் ஒரு பள்ளம் விழுந்திருந்ததை அவன் அந்த வருசம்தான் முதல்முதலாகப் பார்த்தான். சொல்லிவிடலாம் என்று தினமும் வாயைத் திறப்பான், திறந்து தண்ணி கொண்டா என்பான்.

ஆனி மாதம் சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். இப்படியே போனால் பிழைப்பு என்ன ஆவது என்று ஆளாளுக்குப் பேசினார்கள். கடைசியில் வையாபுரி எழுந்து, இது சாமி குத்தம், திரையில் பட்டை விழுந்த மூன்றாம் நாள்தானே ஆரம்பித்தது, நூல் முதலில் போனதும் குற்றம் செய்தவள் வீட்டுக்குத்தானே, அதனால் நாச்சாயி அரிசி வாங்க வேண்டியதுதான் என்றார். அரிசி வாங்குவது என்பது அந்த ஊரில் சாமிக்குத் தப்புச் செய்தவர்கள் செய்கிற பரிகாரம். ஈரத்துணியோடு வீடு வீடாகப் போய் வாசலில் நின்று செய்த தப்பைச் சொல்லி, பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்க வேண்டும். வீட்டுக்காரன் மஞ்சள் அரிசியை ஒரு சிட்டிகை எடுத்துத் தலையில் போட்டுப் பொறுத்தோம் என்று சொல்ல வேண்டும். ஒரு வீடு விடக் கூடாது, கடைசியாகத் தன் வீட்டு வாசலுக்கு வந்து அங்கேயும் கேட்க வேண்டும். தீர்த்தகிரிக்குச் சம்மதந்தானே என்று கேட்டார்கள். அத்தனை பேரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள். சரிங்க என்றான். அந்த நிமிசம் பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றிருந்தது, பிளக்கவில்லை.

வீட்டுக்குப் போய் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். நாச்சாயி எத்தனை மணிக்குங்க என்று மட்டும் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு அவள் தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரச்சேலையோடு புறப்பட்டாள். தீர்த்தகிரி முறைப்படி தட்டில் மஞ்சள் அரிசியை எடுத்துக்கொண்டு தன் வீட்டு வாசற்படியில் நின்றான், அவள் திரும்பி வருகிறவரைக்கும் வீட்டுக்காரன் அங்கே நின்றாக வேண்டும். மேலத்தெருவில் அவள் முதல் வீட்டில் கேட்டது அவன் காதில் விழவில்லை. பத்தாவது வீட்டில் கேட்டது லேசாக விழுந்தது. இருபதாவது வீட்டில் ஒவ்வொரு சொல்லும் விழுந்தது. "நாந்தானுங்க கூடையை மாத்தி வெச்சேன், பொறுத்துக்கோணுமுங்க." அதே சொல், அதே குரல், கூடவும் இல்லை குறையவும் இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஆம்பளைதான் வந்து அரிசி போட்டான், பொம்பளைகள் ஒருத்தியும் வாசலுக்கு வரவில்லை. போட்டவன் போட்ட கையோடு கூட்டத்தில் சேர்ந்து அவள் பின்னால் நடந்தான். அடுத்த வீட்டில் ஓடிப் போய் நிறுத்திவிடலாம் என்று தீர்த்தகிரி நினைத்தான், அந்த வீடு கடந்து போயிற்று. அதற்கடுத்த வீட்டில் நிறுத்திவிடலாம் என்று நினைத்தான், அதுவும் கடந்து போயிற்று. கீழத்தெருவும் முடிந்து நடுத்தெருவுக்கு வந்துவிட்டாள். அறுபத்திரண்டு வீடு, அறுபத்திரண்டு தடவை அதைச் சொன்னாள், அவன் தட்டைப் பிடித்துக்கொண்டு அறுபத்திரண்டு தடவையும் சும்மா நின்றான்.

அவன் எதிரில் அவள் வந்து நின்றபோது மணி பத்தைத் தாண்டியிருந்தது. சேலை உடம்பிலேயே காய்ந்திருந்தது. தலையெல்லாம் அரிசி, வகிட்டில் அரிசி, காதோரத்தில் வேர்வையில் ஒட்டிக்கொண்டு அரிசி. கண்ணை நேராக அவன் முகத்தில் வைத்து, மற்ற வாசல்களில் சொன்ன மாதிரியே சொன்னாள்.

"நாந்தானுங்க கூடையை மாத்தி வெச்சேன். பொறுத்துக்கோணுமுங்க."

தீர்த்தகிரி அரிசியைக் கையில் அள்ளினான். கை மேலே எழும்பவில்லை. தன் பொய்யைத் தன் முகத்துக்கு நேராகத் தன் பெண்டாட்டி வாயால் கேட்டு, அதை அவளுக்கே மன்னித்துவிடுகிற இடத்தில் நிற்கிறோம் என்பது அப்போதுதான் அவனுக்கு முழுசாக உறைத்தது. கூட்டத்தைப் பார்த்து, "அவ மாத்தலீங்க. ரெண்டு நாடாவுக்கும் ஒரே கூடையில எடுத்து மாட்டினது நான். அவ அப்பவே சொன்னா. நாந்தான் வாயை அடக்கினேன்" என்றான்.

கூட்டம் அசையவில்லை. யாரும் ஆச்சரியப்பட்டதாகவும் தெரியவில்லை. ஒருத்தன் காலால் மண்ணைக் கிளறினான், ஒருத்தன் ஆகாசத்தைப் பார்த்தான். வையாபுரி பக்கத்தில் வந்து குரலைத் தணித்து, "தெரியுமப்பா. தறியில உக்காந்தவனுக்கு நாடாவுக்குத் தார் மாட்டறது யார் கைன்னு தெரியாதா? அன்னைக்கே எல்லாத்துக்கும் தெரியும். ஒரு சிட்டிகையைப் போட்டுட்டுப் பொறுத்தோம்னு சொல்லு, காரியம் முடியட்டும்" என்றார்.

எல்லாருக்கும் தெரியும். தெரிந்துதான் தீர்ப்புச் சொன்னார்கள், தெரிந்துதான் பரிவட்டம் கட்டினார்கள், தெரிந்துதான் அறுபத்திரண்டு கை அவள் தலையில் அரிசி போட்டது. தீர்த்தகிரிக்குத் தன் மேல் வந்த அருவருப்பு ஊர் முழுவதின் மேலும் பரவியது, பரவியும் தன் பங்கில் ஒரு துளி குறையவில்லை. தட்டை அவள் பக்கம் நீட்டினான். "நீ போடு, நாச்சாயி. என்ற தலையில போடு" என்று சொல்லிக் குனிந்து நின்றான். அவன் குனிந்து அந்த ஊர் பார்த்ததில்லை.

நாச்சாயி அரிசியைத் தொடவில்லை.

"நான் ஒத்துக்கிட்டது எனக்குப் பெருசில்லீங்க" என்றாள். "உங்க பேரு கெடக் கூடாதுன்னுதான் ஒத்துக்கிட்டேன், அது போவட்டும். ஒத்துக்கிட்டதும் உங்க முகத்தைப் பாத்தேன். நீங்க மூச்சு விட்டீங்க. வெயில்ல வந்தவன் ஒரு செம்புத் தண்ணியைக் குடிச்சுட்டு விடுவானே, அப்படி விட்டீங்க. அதைத்தான் என்னால மறக்க முடியலீங்க."

குனிந்த தலையை அவனால் நிமிர்த்த முடியவில்லை. மணி பத்தேகால் ஆனது, எல்லார் கையும் இடுப்புக்குப் போனது. மற்றவர்கள் வேட்டியிலிருந்து வழக்கம்போல ஊடை உருவிக்கொண்டு தெருவில் இறங்கியது. தீர்த்தகிரியின் வேட்டி மட்டும் அப்படியே இருந்தது. ஒரு இழை நகரவில்லை.

நாச்சாயி தட்டை வாங்கிக்கொண்டாள். "பொறுக்கறதுக்கு இன்னும் நாளாவுமுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், சாமி படத்துக்குப் பக்கத்தில் தட்டை வைத்தாள். பிறகு பின்கட்டுக்குப் போய்த் தலையிலிருந்து அரிசியை உதறிக்கொண்டு நெடுநேரம் நின்றாள். சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுப் பொம்பளை வந்து ஒரு சீப்பை எடுத்து அவள் பின்னந்தலையில் இருந்ததைச் சீவி எடுத்துக் கொடுத்தாள்.

அதற்கப்புறம் ஊரில் ஒவ்வொரு வீடாக ஊடை நின்றது. ஒருத்தன் வேட்டியில் செவ்வாய்க்கிழமை நின்றது, இன்னொருத்தனுக்கு அடுத்த வாரம் நின்றது. அவனவன் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அவனவன் பெண்டாட்டியிடம் என்ன சொன்னான் என்று யாரும் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை. வையாபுரிக்கு நின்றபோது தை பிறந்துவிட்டது. அவருக்குச் சொல்ல நிறைய இருந்திருக்கும்.

தீர்த்தகிரி திரை நெய்வதை விட்டுவிட்டான், மற்றபடி தறியில் உட்காருகிறான், அவள் தார் சுற்றுகிறாள், வேண்டியதைப் பேசிக்கொள்கிறார்கள். அந்தத் தட்டைப் பற்றி அவன் அவளிடம் கேட்பதில்லை. அரிசி ஒரு வாரம் கிடந்தால் வண்டு வைத்துவிடும். அதனால் வெள்ளிக்கிழமை தோறும் குளித்துவிட்டு வந்து பழைய அரிசியைக் குருவிக்குப் போட்டுவிட்டு, தட்டைத் தேய்த்துக் கழுவி, புது அரிசியில் தானே மஞ்சள் கலந்து, அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டுப் போகிறான். நாலு வருசமாகிறது. போன வெள்ளிக்கிழமையும் வைத்தான்.